மேற்குச் சுவரின் சூடு: வெள்ளவத்தையில் ஒரு சொக்லேட் தொழில் உருவான விதம்

என்னிடம் கணக்கு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவர், கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்துபவர், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள். 2020க்குப் பிறகு இந்தக் கடைசி வகையினர் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, எனக்குச் சொக்லேட் என்றால் உயிர். அதையே தொழிலாக்கலாமா?"

அதே கேள்வியோடு என்னிடம் வந்து, இன்று அந்தத் தொழிலிலேயே வாழ்கிற ஒருவரின் அனுபவத்தை முழுமையாக எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பெயர் வேண்டாம், ஆனால் தவறுகளை மறைக்காதீர்கள் என்றார். அப்படியே எழுதுகிறேன்.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் சொக்லேட் விற்பவர் உண்மையில் குளிரை விற்கிறார். கொக்கோவுக்குக் கொடுத்த காசை எல்லோரும் குறித்து வைக்கிறார்கள். குளிருக்குக் கொடுத்ததை எழுதுகிறவர்கள் அரிது. இந்தப் பெண் அதை எழுதத் தொடங்கிய பிறகுதான் அவருடைய விருப்பம் அவருக்குச் சோறு போட்டது.

பின்னணி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை பார்த்த தந்தை சம்பள நாளில் கண்டோஸ் என்ற இலங்கைச் சொக்லேட்டில் ஒரு பாளம் வாங்கிவருவார். மூன்று பிள்ளைகளுக்கும் சரிசமமாக உடைத்துக் கொடுப்பது இவருடைய பொறுப்பு. தன் பங்கைக் கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைய விடுவாராம். தாய் பலகாரத்தில் கைதேர்ந்தவர். அரியதரத்துக்கும் பயத்தம் பணியாரத்துக்கும் உறவுக்காரர் வீடுகளிலிருந்து ஆள் அனுப்பி அழைப்பார்கள். ஆகவே இனிப்பில் பதம் என்று ஒன்று இருக்கிறது, அது தவறினால் முழுச் சட்டியும் வீண் என்பது இவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். பின்னால் கைகொடுத்தது இந்த அறிவுதான்.

படித்து முடித்ததும் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எழுதுவினைஞர் வேலை. எட்டு வருடம் பார்த்தார். நத்தார் காலத்தில் அலுவலக நண்பர்களுக்கு வீட்டில் செய்த சொக்லேட் கொண்டுபோவார். அவ்வளவுதான் ஆரம்பம்.

கொம்பவுண்ட் காலம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொடர்மாடிகளின் வட்ஸ்அப் குழுக்களில் பாண், கேக், ரோல்ஸ் என்று எல்லாம் விற்பனைக்கு வந்தபோது இவரும் சொக்லேட்டைப் போட்டார். ஒரே வாரத்தில் தாங்க முடியாத அளவுக்கு ஓர்டர்.

அப்போது பயன்படுத்தியது கொம்பவுண்ட். வீட்டில் சொக்லேட் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். அதில் கொக்கோக் கொட்டையின் கொழுப்பான கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய்ப்பனை விதையின் எண்ணெய் போன்ற வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி, அச்சில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும், மினுமினுப்பாக வந்துவிடும். விலையும் குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். வாயில் மட்டும் அது முழுதாகக் கரையாது, அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும். தந்தை கொடுத்த துண்டை நாக்கில் கரையவிட்டுப் பழகியவருக்கு அது நெருடிக்கொண்டே இருந்தது.

2021 தொடக்கத்தில் கூவெர்ச்சருக்கு மாறினார். அது உண்மையான கொக்கோ வெண்ணெய் நிறைந்த சொக்லேட். ஐரோப்பிய விதிப்படி அந்தப் பெயரில் விற்க 31 சதவீதமாவது கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு, கொம்பவுண்டைவிடப் பல மடங்கு விலை. மாற்றம் சரியானதுதான். ஆனால் நாக்கு முன்னே போய்விட்டது, கை பின்தங்கி நின்றது.

120 பெட்டிகள்

அந்த மார்ச்சில் ஒரு திருமணத்துக்கு 120 சிறு பெட்டிகள் கேட்டார்கள். பெட்டிக்கு நான்கு. பழைய கொம்பவுண்ட் முறையிலேயே உருக்கி, ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து அடுக்கினார். நண்பகல் வெயிலில் முச்சக்கர வண்டியில் பம்பலப்பிட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாலையில் மணப்பெண்ணின் தாயிடமிருந்து அழைப்பு: "பிள்ளை, இது பூஞ்சணம் பிடித்துவிட்டதோ?"

பூஞ்சணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் என்ன என்று தெரியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மண்டபத்திலிருந்து திரும்பி வந்த பெட்டிகளை மேசையில் பரப்பி வைத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சிலவற்றின் மேல் சாம்பல் நிறக் கோடுகள். விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைந்தன. வேறு சிலவற்றின் மேல் வெள்ளைத் தூள்போல ஒன்று; தேய்த்தால் சொரசொரத்தது. கறிக்கரண்டியின் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். கோடு விழுந்ததன் மேல் தண்ணீர் முத்துப்போல நின்றது. தூள் படிந்ததன் மேல் பரவி உறிஞ்சப்பட்டது.

அந்த இரவில் கண்டவை இரண்டு வேறு நோய்கள் என்பதை அவர் பிறகுதான் படித்தறிந்தார். முதலாவது கொழுப்புப் பூத்தல். பதம் தவறிய கொக்கோ வெண்ணெய் பிரிந்து மேலே வந்து உறைந்தது. இரண்டாவது சீனிப் பூத்தல். குளிர்ந்த சொக்லேட்டைக் கொழும்பின் ஈரக் காற்றில் எடுத்தவுடன் அதன் மேல் வியர்த்து, அந்த நீரில் சீனி கரைந்து, நீர் போனதும் பொருக்காகத் தங்கியது. நான் இவரிடம் மிகவும் மதிப்பது இந்த இரவைத்தான். நட்டம் பட்ட சரக்கைக் குப்பையில் கொட்டிவிட்டுப் படுக்காமல், அதைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் விட்டுப் பார்த்தார்.

பதம்

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டியது. அதுதான் மினுக்கும், உடைக்கும்போது ‘டக்’ என்று ஓசை தரும், ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில், அதாவது உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, வாயில் உருகும். அந்த வடிவத்தை வரவழைக்கும் வேலைக்கே டெம்பரிங் என்று பெயர். கறுப்புச் சொக்லேட்டை 45 முதல் 50 பாகைவரை உருக்கி, கிளறிக்கொண்டே 27 அல்லது 28க்கு இறக்கி, மறுபடி 31 அல்லது 32க்கு ஏற்ற வேண்டும். பால் சொக்லேட் என்றால் இறுதிச் சூடு இரண்டு பாகை குறைவு.

மகள் வெப்பமானியோடு போராடுவதைப் பார்த்த தாய் சொன்னாராம்: "பாகு என்றால் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துவிடலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லையா?" இருக்கிறது. கத்தி முனையை நனைத்து வைத்தால் சில நிமிடங்களில் பளபளப்போடு உறைய வேண்டும். ஆனால் எங்கே வைத்து உறையவிடுவது? பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் ‘அறை வெப்பநிலையில் விடவும்’ என்கின்றன. அவற்றை எழுதியவர்களின் அறை 20 பாகை. வெள்ளவத்தையில் ஏப்ரல் பிற்பகலில் சமையலறை 31 பாகையைத் தொடும். கறுப்புச் சொக்லேட்டைத் திரவமாக வைத்து வேலை செய்ய வேண்டிய அதே சூடு! அந்த அறையில் பதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது உறையாது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதமும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திருமணமாகி ரொறன்ரோ போன தங்கையின் சிறிய அறை காலியாக இருந்தது. அதில் பழைய குளிரூட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். கூடவே ஈரப்பதமானி. அறை 20 பாகைக்கும் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கும் கீழே வராமல் அச்சைத் தொடுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டார். பிறகு கொழும்பு 3 இல் உள்ள இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தில் பேஸ்ட்ரிப் பயிற்சி ஒன்றை முடித்தார். அவரோடு படித்தவர்களில் சிலர் இன்று மாலைதீவு ஹோட்டல்களில் பேஸ்ட்ரிப் பிரிவில் இருக்கிறார்கள். சொக்லேட்டை நேசிப்பவர்களுக்கு அதுவும் நல்ல வழி என்பதை இங்கே சொல்ல வேண்டும்: குளிரூட்டிய அறை முதலாளியுடையது, மாதச் சம்பளம் உங்களுடையது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, மும்மொழி லேபிள் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. அலைச்சல் இருந்தது, சிக்கல் இருக்கவில்லை.

கணக்குப் புத்தகம்

2021 இறுதியில் என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தது. ஒரு பக்கத்தில் கூவெர்ச்சர், கிரீம், கஜு, பெட்டி, நாடா. மறுபக்கத்தில் விற்பனை. கழித்தால் நல்ல மிச்சம். "இலாபம் இருக்கிறதுதானே அக்கா, ஏன் கையில் காசு நிற்கவில்லை?" என்றார்.

நான்கு வாரங்களுக்கு மூன்று விடயங்களை எழுதச் சொன்னேன்: குளிரூட்டி ஓடிய மணி நேரம், அவர் வேலை செய்த மணி நேரம், வீணான சொக்லேட். பன்னிரண்டு துண்டுப் பெட்டி ஒன்றுக்கு, ஓர்டர் எடுக்கத் தொலைபேசியில் பேசியது உட்பட, சராசரியாக ஐம்பது நிமிடம் போயிருந்தது. மின்கட்டணத்தில் அதைவிட ஆழமான பிரச்சினை. நம் வீட்டு மின்கட்டணம் படிநிலைப்படி ஏறுவது. அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். குளிரூட்டி தன் பங்குக்கு மட்டும் செலவு வைக்கவில்லை, மின்விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும்கூட விலை கூடிய படிக்குத் தள்ளிவிட்டது. அந்தக் கூடுதல் முழுவதும் தந்தையின் ஓய்வூதியத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. மகளுக்கு அது தெரியாது. தந்தையும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியபோது ஒவ்வொரு பெட்டியும் நட்டத்தில் விற்கப்பட்டது தெரிந்தது. அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனவர் மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. நான்காம் நாள் வந்து, "அப்பாவுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார்.

அதன் பிறகு செய்த மாற்றங்களில் பெரியது, வகைகளைக் குறைத்தது. முப்பத்திரண்டு வகை செய்துகொண்டிருந்தார், ஆறாக்கினார். யார் என்ன கேட்டாலும் செய்துகொடுப்பதுதான் நேசம் என்று அவர் நம்பியிருந்ததால் இது அவருக்கு மிகவும் வலித்தது. ஆறு வகை என்றால் ஒரே நாளில் ஒரே வகையை நூற்றுக்கணக்கில் ஊற்றலாம், குளிரூட்டி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் போதும். விலையை ஏற்றினார், பழைய வாடிக்கையாளரில் ஏறக்குறைய பாதிப்பேர் போனார்கள். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் விநியோகம் என்றார். மார்ச், ஏப்ரல் திருமண ஓர்டர்களை இன்றுவரை எடுப்பதில்லை.

2022

புது விலை பழகிவருவதற்குள் நாடே கவிழ்ந்தது. மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. அதே மாதம் 300க்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது, பட்டியலில் சொக்லேட்டும் இருந்தது. சொக்லேட்டை நம்பியிருந்த ஒருவருக்கு இதைவிட வேறென்ன வர வேண்டும்?

அவர் மாத்தளைக்குப் போனார். இலங்கையில் கொக்கோ விளைகிறது என்பதே கொழும்பில் பலருக்கு மறந்துவிட்டது. 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது மலைநாட்டில் பரவிய பயிர்களில் கொக்கோவும் ஒன்று. கண்டி, மாத்தளைப் பக்கங்களில் தென்னைக்கும் மிளகுக்கும் நடுவே இன்றும் நிற்கிறது. அடிமரத்திலேயே காய் தொங்கும் விசித்திர மரம். ஒரு தோட்டத்தில் பத்துக் கிலோ காய்ந்த கொட்டை வாங்கி வந்து, தாயின் பழைய மா அரைக்கும் கல் கிரைண்டரில் அரைத்தார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. உலகெங்கும் கொட்டையிலிருந்தே சொக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் பலர் பயன்படுத்தும் மெலஞ்சர் இயந்திரம், தோசை மாவு அரைக்க நம்மவர் வீடுகளில் சுழலும் அதே கல் கிரைண்டரின் வழிவந்ததுதான்.

கொட்டையை உடைத்துப் பார்த்தபோது பாதி உள்ளே கறுத்த சாம்பல் நிறம், மண் வெடிப்புப்போன்ற பிளவு இல்லை. புளிக்க வைத்தது போதவில்லை. பழத்திலிருந்து எடுத்த கொட்டை ஐந்து முதல் ஏழு நாள் குவியலாகப் புளித்தால்தான் கசப்புத் தணிந்து சொக்லேட்டின் மணத்துக்கு வழி பிறக்கும். விவசாயிக்கு அவ்வளவு நாள் காத்திருந்து கிடைக்கும் கூடுதல் விலை எதுவும் இல்லையென்றால் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதோடு, சீனியும் கொக்கோவும் நாக்கில் தட்டுப்படாமல் மசிய இரண்டு நாள் ஓயாமல் அரைக்க வேண்டும். மின்வெட்டில் அது நடக்கிற காரியமா?

பத்துக் கிலோவில் மூன்று கிலோ சுமாரான சொக்லேட் கிடைத்தது. "ஆசையாக இருக்கிறது அக்கா, ஆனால் இது வேறு தொழில்" என்று நிறுத்திக்கொண்டார். கொட்டையிலிருந்து சொக்லேட் செய்பவர் வேறு, சொக்லேட்டிலிருந்து இனிப்புச் செய்பவர் வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றிருந்தால் அவர் அந்த வருடத்தைத் தாண்டியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

அவரைத் தாண்ட வைத்தது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி. கிடைத்த கொஞ்சக் கூவெர்ச்சரை மெல்லிய ஓடாக ஊற்றி, உள்ளே பனங்கட்டியைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாகை நிரப்பினார். பதம் பார்த்துக் கொடுத்தவர் தாய். ஒரு துண்டில் சொக்லேட்டின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, சுவையோ கூடியது. எள்ளும் கஜுவும் சேர்த்த இன்னொன்றும் வந்தது. மின்சாரம் எப்போது வரும் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அச்சு ஊற்றினார். உறைந்தவற்றை ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் மூடி, அடுத்த மின்வெட்டைக் கடத்தினார்.

வேலையை விட்ட பிறகு

2023 நடுப்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கியபோது, காப்புறுதி வேலையை விட்டார். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும் என்று நான் போட்ட நிபந்தனையை நிறைவேற்றிவிட்டே விட்டார். அந்த பெப்ரவரியில் மின்கட்டணம் மறுபடி 66 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் இந்த முறை அது எந்தப் பெட்டியில் எவ்வளவு ஏறுகிறது என்பது அவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

வருமானம் வரும் வழிகளைப் பார்த்தால் பலர் வியப்பார்கள். சில்லறையாகப் பெட்டி வாங்குகிறவர்களிடமிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். தீபாவளிக்கும் நத்தாருக்கும் அலுவலகங்கள் மொத்தமாக வாங்குவது இன்னொரு பங்கு. மிச்சம் சனிக்கிழமை வகுப்பு. ஆறு பேர், அரை நாள், டெம்பரிங் மட்டும். முதல் வகுப்பை அவர் தொடங்குவது அந்த 120 பெட்டிகளில் எடுத்து வைத்திருக்கும் நான்கு துண்டுகளைக் காட்டித்தான்.

2024 இல் கானாவிலும் கோட் டிவாரிலும் விளைச்சல் சரிந்தது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் தரும் நாடுகள் அவை. சில ஆண்டுகளுக்கு முன் தொன் 2,500 டொலர் அளவில் இருந்த கொக்கோ, அந்த டிசம்பரில் நியூயோர்க்கில் 12,000 டொலரைத் தாண்டியது. அவருடைய சக வியாபாரிகள் சிலர் கொம்பவுண்டுக்குத் திரும்பினார்கள். இவருக்கு 2022 இன் பனங்கட்டித் துண்டு காப்பாக நின்றது. சொக்லேட் அதிகம் தேவைப்படும் தனிப் பாளங்களை நிறுத்திவிட்டு, நிரப்பிய வகைகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

சொக்லேட் மீதான அவருடைய ஆசை என்னவாயிற்று என்று பலர் கேட்கிறார்கள். காலையில் தேநீருக்கு முன், வெறும் வாயில், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கரையவிட்டுக் குறிப்பெழுதுகிறார். ‘பாகில் புகை மணம் தூக்கல்.’ ‘ஓடு தடிப்பு.’ மற்ற நேரத்தில் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தந்தையோடு ஒரு கண்டோஸ்.

தீராதவை

கிரீமும் தேங்காய்ப்பாலும் உள்ள நிரப்பல் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. பல்பொருள் அங்காடிக்குப் போக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். நிரப்பலில் கிருமிக்கு எட்டக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதைக் குறைக்க வேண்டும், சுவை கெடாமல். பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரிகளைக் கொடுத்துச் சோதிக்கும் எண்ணத்தில் இருக்கிறார். உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் திருமணமாகிப் போய்விட்டால் அடுத்தவரைப் பழக்க எவ்வளவு காலமாகும் என்பதும் அவருக்குக் கவலை.

தங்கையின் அறை போதவில்லை. காலி வீதியில் கண்ணாடிக் கடை ஒன்றை எடுக்கும்படி பலர் சொன்னார்கள். வாடகை ஒரு பக்கம் இருக்க, வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் சொக்லேட்டை அடுக்க முடியாது. கடற்பக்க ஒழுங்கைகளில் கீழ்மாடி அறை தேடினோம். சென்ற மாதம் ஒன்றைப் பார்க்க நானும் கூடப் போனேன். தரகர் காலையில் காட்டுகிறேன் என்றார்; இவர் பிற்பகல் நான்கு மணிதான் வேண்டும் என்றார். உள்ளே நுழைந்ததும் தரையையோ யன்னலையோ பார்க்கவில்லை. நேரே கடலை நோக்கிய மேற்குச் சுவருக்குப் போய், உள்ளங்கையைப் பதித்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு பையிலிருந்து வெப்பமானியை எடுத்து அதே இடத்தில் ஒட்டிவைத்துவிட்டு, "கீழே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவோம் அக்கா" என்றார். திரும்பி வந்து பார்த்தபோது 36 காட்டியது. தரகரிடம் நன்றி சொல்லிவிட்டு நடந்தோம். இப்போது அதே ஒழுங்கையில், ஒரு பெரிய கட்டடத்தின் நிழல் மேற்குச் சுவரில் விழும் வேறோர் அறைக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார். அதன் சுவர் 30.